பட்டத்தைத் துறந்த நீதிபதி

சிவகங்கைச் சீமைக்கும் கோர்ட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஜமீன் யாருக்கு என்ற வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1863-ல் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. காரைக்குடி, தேவகோட்டைத் திண்ணைகளில் சட்ட விவகாரம் பேசுவது புதிதல்ல. இப்போது அங்கும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நீதிபதி ஓய்வு பெற்ற பிறகு அரசாங்கப் பதவியை ஏற்கலாமா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர், பக்கத்து மதுரையில் 1842-ல் பிறந்த சர் எஸ். சுப்பிரமணிய அய்யர். ஜனங்கள் அவரை 'மணி அய்யர்' என்றே அழைத்தார்கள். தகப்பனார் ராமநாதபுரம் ஜமீன் காரியங்களைக் கவனித்தவர். மகனோ குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து வக்கீலானார்.

1884-ல் அவர் சென்னைச் சட்டசபை அங்கத்தினரானார். அன்று தேர்தல் கிடையாது; சர்க்காரின் நியமனந்தான். ஆனாலும், மறு ஆண்டே பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்கு அவர் போய் வந்தார். 1895-ல், முத்துசாமி அய்யர் காலமானதும், அவர் இடத்தில் ஹைகோர்ட் நீதிபதியானார். தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் இருந்தார். 'சர்' பட்டமும் வந்தது. கண் பார்வை மங்கவே 1907-ல் ஓய்வு பெற்றார்.

வேறொருவராக இருந்தால் பென்ஷனோடு நிம்மதியாக இருந்திருப்பார். மணி அய்யர் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். 1917 ஜூனில் அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டதும், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் நடக்கும் ஆட்சியை அதில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். மந்திரி மாண்டேகு அதை வன்மையாகக் கண்டித்தார். அய்யர் மன்னிப்புக் கேட்கவில்லை. 1918-ல் 'சர்', 'திவான் பகதூர்' பட்டங்களைத் துறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 75. 1924 டிசம்பரில் காலமானார்.

இன்றைய நிலை என்ன? சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்தவர் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் வாதாடக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 124-வது ஷரத்து தடுக்கிறது. பதவி ஏற்பதை அது தடுக்கவில்லை. ஆகவே, முன்னாள் பிரதம நீதிபதி பி. சதாசிவம் 2014-ல் கேரள கவர்னரானதிலும், ரஞ்சன் கோகோய் 2020-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்றதிலும் சட்டப்படி தவறில்லை. விசாரணைக் கமிஷன்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் நீதிபதிகளின் அனுபவம் தேவை என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

அரசியலிலிருந்து நீதிபதி ஆசனத்துக்கு வந்தவரும் உண்டு. 1952-ல் சென்னைச் சட்டசபைக்கும், 1957-ல் கேரள மந்திரிசபைக்கும் வந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், 1973-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். சிறைக் கைதிகளுக்காக அவர் எழுதிய தீர்ப்புகள் இன்றும் பேசப்படுகின்றன. ஆகையால் அரசியல் தொடர்பு மட்டுமே குற்றமாகிவிடாது.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பல வழக்குகளில் சர்க்கார்தான் ஒரு கட்சிக்காரர். நாளை பதவி தரக்கூடிய கட்சிக்காரர் முன்னால் நிற்கும்போது, நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தோற்றவன் மனத்தில் சந்தேகம் முளைக்கும். ஓய்வுக்கும் பதவிக்கும் நடுவே சில ஆண்டுகள் இடைவெளி வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மணி அய்யருக்குச் சென்னை சர்வகலாசாலை செனட் மண்டபத்தருகே சிலை இருக்கிறது. கோர்ட்டை விட்டு இறங்கிய பிறகு அவர் சர்க்காரிடம் பெற்றது ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்ததுதான் உண்டு. அவருக்குச் செய்யும் மரியாதை மாலையோடு நின்றுவிடலாமா?