திருத்தல உலா: ஜானகியின் பிறந்தகம்

மிதிலை என்னும் பெயர் தமிழ் நெஞ்சங்களுக்குப் புதியதன்று. கம்பர் தம் பாலகாண்டத்தில் ‘மிதிலைக் காட்சிப் படலம்’ என ஒரு படலத்தையே அந்நகருக்கென வகுத்தார். அந்த மிதிலையின் தலைநகர் என மரபு போற்றும் ஜனக்பூர், இன்று நேபாள நாட்டின் தென்கிழக்குச் சமவெளியில், இந்திய எல்லையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் அமைந்திருக்கிறது.

நேபாளம் என்றதும் பனி மூடிய சிகரங்களே நினைவுக்கு வரும். ஜனக்பூரோ கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத தராய்ச் சமவெளி நகரம். நெல் வயல்கள், மாந்தோப்புகள், மூங்கில் புதர்கள், திரும்பிய பக்கமெல்லாம் குளங்கள். மக்களின் தாய்மொழி மைதிலி. எல்லைக்கு அப்பால் பீகார் மாநிலத்தின் மதுபனி, சீதாமடி மாவட்டங்களில் பேசப்படுவதும் இம்மொழியே.

இவ்வூருக்கு வரும் அன்பர்களில் பலர் ஜானகி மந்திரைத் தரிசித்து, அருகிலுள்ள விவாஹ மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, அரை நாளில் திரும்பிவிடுகின்றனர். ஆனால் ஜனக்பூரின் பக்தி கோயிலோடு முடிவதில்லை. அயோத்தியில் சீதை பட்டத்தரசி. இங்கோ அவள் வீட்டுப் பெண். அயோத்தியில் இராமன் அரசன்; இங்கோ அவன் மாப்பிள்ளை. இந்த உறவை மனத்தில் கொண்டு பார்த்தால், இவ்வூரின் சுவரும் குளமும் பறவையும் புதிய பொருள் தரும்.

ஒன்பது லட்சம் கோயில்

நகரின் நடுவே வெண்ணிறத்தில் எழுந்து நிற்கும் ஜானகி மந்திர், தென்னாட்டுக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு ஓர் அரண்மனையாகவே தோன்றும். முகலாய, ராஜபுத்திரக் கட்டடக் கலைகள் கலந்த குவிமாடங்களும் சாளரங்களும் கொண்ட இக்கோயிலைக் கட்டுவித்தவர், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள டீகம்கட்டின் அரசி விருஷபானு. 1911-ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்ற இத்திருப்பணிக்கு ஒன்பது லட்சம் ரூபாய் செலவாயிற்று என்பதால் ‘நௌலகா மந்திர்’ என்னும் பெயரும் வழங்குகிறது. டீகம்கட் அரச மரபினரின் பழைய தலைநகரமான ஓர்ச்சாவில் இராமபிரான் அரசனாகவே வழிபடப்படுகிறார். அவரை அரசராகக் கொண்ட குடியின் அரசி, அவர் தேவியின் பிறந்தகத்தில் இம்மாளிகையை எழுப்பினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டில் சூர் கிஷோர் தாஸ் என்னும் துறவி இவ்விடத்தைக் கண்டறிந்து சீதையின் வழிபாட்டை நிலைநாட்டினார் என்பது இவ்வூர் மரபு. கோயிலை அடுத்துள்ள விவாஹ மண்டபம் நேபாளப் பாணிக் கூரையுடன் அமைந்தது. அதன் நான்கு மூலைகளிலும் சிறு சந்நிதிகள் உள்ளன. சீதைக்கு மட்டுமல்லாமல் ஊர்மிளை, மாண்டவி, சுருதகீர்த்தி ஆகிய மூவருக்கும் அவரவர் கணவரோடு இங்கு இடமுண்டு. ஒரே வீட்டிலிருந்து நான்கு பெண்களை அனுப்பிவைத்த ஊர் இது.

மணநாளில் மணமில்லை

மார்கசீர்ஷ மாத வளர்பிறைப் பஞ்சமியே சீதா கல்யாணத் திருநாள். விவாஹ பஞ்சமி எனப்படும் இவ்விழா நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரும். இராமர் கோயிலிலிருந்து மாப்பிள்ளையும் ஜானகி மந்திரிலிருந்து மணப்பெண்ணும் ஊர்வலமாகப் புறப்பட்டு, ரங்கபூமி எனப்படும் பெருந்திடலில் சந்தித்து மாலை மாற்றிக்கொள்வர். எல்லையின் இருபுறமிருந்தும் மக்கள் திரள்வர்.

அப்போது பெண்கள் பாடும் பாடல்கள் தமிழன்பர்களை வியக்க வைக்கும். அவை துதிகள் அல்ல. சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்யும் நலுங்குப் பாடல்கள் போன்றவை. உடன்பிறந்தார் நால்வரில் இருவர் கறுப்பாகவும் இருவர் சிவப்பாகவும் பிறந்தது எப்படி என்று மாப்பிள்ளை இராமனிடமே கேட்பார்கள். பரம்பொருளை இப்படிக் கேட்கும் உரிமை பெண் வீட்டாருக்கு உண்டு. அவரும் மறுமொழியின்றிப் புன்னகைத்து நிற்கிறார்.

ஆயினும், இவ்வளவு கோலாகலமாகத் தெய்வத் திருமணத்தைக் கொண்டாடும் மிதிலை மக்கள், அதே நாளில் தம் பெண்களுக்குத் திருமணம் செய்வதில்லை. அந்த நன்னாளில் மணமுடித்துச் சென்ற ஜானகி, காடும் சிறையும் பிரிவுமாகத் துன்புற்றாள். தங்கள் மகளுக்கு அந்நிலை வரக்கூடாது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். மேற்கே, அதாவது அயோத்தி இருக்கும் திசையில், பெண் கொடுக்கத் தயங்கும் முதியோரும் உண்டு. மருமகனிடம் குறை கண்ட கோபமன்று இது. மகளின் கண்ணீரை மறக்க முடியாத தாய்வீட்டின் வருத்தம். இராமனைக் கடவுளாக வணங்கிக்கொண்டே சீதைக்காகக் கலங்கவும் அவர்களால் முடிகிறது.

சுவரில் வளரும் மூங்கில்

மிதிலை ஓவியம் இன்று உலகறிந்தது. இந்தியாவில் அதை மதுபனி ஓவியம் என்பர். அது பிறந்த இடம் மணமக்களின் அறைச் சுவர். ‘கோஹபர்’ எனப்படும் அந்த அறையில் வீட்டுப் பெண்கள் தாமரைக் கொடியையும் மூங்கிலையும் வரைந்து, சுற்றிலும் மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர் ஆகியவற்றை அமைப்பர். வடமொழியில் ‘வம்சம்’ என்னும் சொல்லுக்கு மூங்கில் என்றும் குலம் என்றும் இரு பொருள் உண்டு. மூங்கில்போல் குலம் தழைக்கவேண்டும் என்ற வாழ்த்து அச்சித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது. தரையில் அரிசி மாவைக் கரைத்து இடும் கோலத்துக்கு ‘அரிபன்’ என்று பெயர். மாக்கோலம் இட்டுப் பழகிய கைகளுக்கு அது அயலாகத் தோன்றாது.

1934-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்தபோது, வீட்டுக்குள் மறைந்திருந்த இந்த ஓவியங்கள் ஆர்ச்சர் என்னும் ஆங்கில அதிகாரியின் கண்ணில் பட்டன. 1960-களின் பிற்பகுதியில் பீகாரில் வறட்சி வந்தபோது, பெண்களுக்கு வருவாய் கிடைக்கட்டும் என்று அவற்றைக் காகிதத்தில் வரையும் முயற்சி தொடங்கியது. ஜனக்பூரிலும் 1989-இல் உருவான பெண்கள் மேம்பாட்டு மையத்தில் சுற்றுக் கிராமப் பெண்கள் கூடி அமர்ந்து வரைகின்றனர். மகளின் மணவறைக்காகத் தாய் வரைந்த சித்திரம், இப்போது அந்த மகளுக்கே வாழ்வாதாரமாகிறது. ஜனக்பூர் செல்வோர் நினைவுப் பொருள் வாங்க விரும்பினால், அச்சிட்ட படத்தைவிட அப்பெண்களின் கைச்சித்திரம் ஒன்றை வாங்குவதே சிறப்பு.

குளங்களின் ஊர்

ஜனக்பூரில் 72 தீர்த்தக் குளங்கள் உண்டு என்பது வழக்கு. அவற்றுள் கங்கா சாகர், தனுஷ் சாகர் இரண்டும் முதன்மையானவை. கங்கா சாகரின் படித்துறையில் மாலை வேளையில் ஆரத்தி நடைபெறும். கார்த்திக மாத வளர்பிறைச் சஷ்டியில் சட் விரதம் வரும்போது குளக்கரை முழுவதும் கரும்பும் தீபமுமாக நிறையும். விரதமிருந்த பெண்கள் நீரில் நின்று, மூங்கில் முறத்தில் பழமும் வெல்லப் பணியாரமும் ஏந்தி, மறையும் சூரியனுக்கு அர்க்கியம் தருவர். மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் தந்த பிறகே விரதம் முடிப்பர்.

இக்குளங்கள் உணவும் தருகின்றன. முள் அடர்ந்த பெரிய இலைகளை நீர்மேல் விரிக்கும் ஒரு செடியின் விதையே மக்கானா. மீனவர்கள் நீரில் மூழ்கிச் சேற்றிலிருந்து விதையைச் சேகரிப்பர். அதை வறுத்து, சூட்டோடு மரத்தடியால் தட்டினால் வெண்மையாகப் பொரியும். ஆசுவின மாதப் பௌர்ணமியான கோஜாகராவன்று, புதிதாக மணமான பெண்ணின் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு மக்கானாவும் வெற்றிலையும் சீராக அனுப்புவர். 2024 ஜனவரியில் அயோத்தி ஆலயப் பிராணப் பிரதிஷ்டைக்கு முன்னர், ஜனக்பூர் மக்கள் பழங்களும் இனிப்பும் ஆடையும் அணிகலனுமாகக் கூடை கூடையாகச் சீர் அனுப்பியதும் இந்த வழக்கப்படியே. மகள் வீட்டுப் புதுமனைக்குத் தாய்வீடு வெறுங்கையுடன் நிற்கலாகுமா?

இத்தகைய குளங்கள் இன்று நலமாக இல்லை. கரை ஆக்கிரமிக்கப்பட்டுச் சுருங்கியவை சில. கழிவுநீர் கலந்து பச்சை படர்ந்தவை சில. வடக்கே உள்ள சூரே குன்றுகளில் மரங்கள் குறைந்து, ஆற்று மணலும் கல்லும் அளவின்றி அள்ளப்படுவதால், தராய்ச் சமவெளியின் நிலத்தடி நீரும் தாழ்கிறது. அர்க்கியம் தருவதற்கு நீர் வேண்டும்; சீர் அனுப்புவதற்கு மக்கானா வளரவேண்டும். குளம் போனால் இந்த வழிபாடுகளுக்கு இடமே இல்லாமற்போகும். தீர்த்தமாடச் செல்வோர் பிளாஸ்டிக் பையோடு பூவை வீசிவிட்டு வருவது ஜானகியின் வீட்டு முற்றத்தில் குப்பை கொட்டுவதற்கு ஒப்பாகும்.

பறவையாகி வந்த மகள்

சட் விரதம் நிறைவுற்றதும் தொடங்கி, கார்த்திகப் பௌர்ணமி வரை ‘சாமா சகேவா’ என்னும் விழா நடைபெறும். கண்ணபிரானின் மகள் சாமாவைப் பற்றிச் சுக்லா என்பவன் கோள் சொன்னான். தந்தை அதை நம்பி அவளைப் பறவையாகும்படி சபித்தார். அவள் கணவன் சகேவாவும் பறவையாகி உடன் சென்றான். சகோதரன் சாம்பன் மட்டும் தங்கையை நம்பினான். தவமிருந்து அவளை மீட்டான் என்பது கதை.

இமயத்தைக் கடந்து வலசைப் பறவைகள் சமவெளிக்கு இறங்கும் காலமும் அதுவே. சக்கரவாகம் இணை இணையாக வரும். சிறுமியர் களிமண்ணில் பறவை உருவங்கள் செய்து, கூடையில் விளக்கோடு ஏந்தி, இரவில் பாடிச் செல்வர். கோள் சொன்ன சுக்லாவின் சணல் மீசைக்கு நெருப்பு வைப்பர். பௌர்ணமியன்று பொம்மைகளைக் குளத்திலோ உழுத வயலிலோ சேர்த்து, அடுத்த ஆண்டும் வரவேண்டும் என்று மகளை அனுப்புவதுபோல் விடைகொடுப்பர். பழிச்சொல்லுக்கு ஆளான ஒரு பெண்ணைக் காத்த அண்ணனின் கதையை, பழிச்சொல்லால் வனம் சென்ற சீதையின் ஊர் ஆண்டுதோறும் பாடுவதில் ஆழ்ந்த பொருள் உண்டு.

வலசைப் பறவைகளைப் பெருந்திரளாகக் காண விரும்புவோர் கிழக்கே உள்ள கோசி தப்பு வனவிலங்குக் காப்பகம் வரை செல்லலாம். பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1987-இல் இடம்பெற்ற பகுதி அது.

எல்லை தாண்டும் பல்லக்கு

1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கைக்குப் பின் மிதிலை இரு நாடுகளாகப் பிரிந்தது. சீதை நிலத்தில் கிடைத்த இடமெனப் பலர் போற்றும் சீதாமடி இந்தியாவில். அவள் வளர்ந்த ஜனக்பூர் நேபாளத்தில். ஆயினும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு நிற்கவில்லை. இந்தியப் பெண்கள் அங்கும் நேபாளப் பெண்கள் இங்கும் மருமகள்களாக வாழ்கின்றனர்.

பால்குன மாத அமாவாசையன்று தொடங்கும் மிதிலைப் பரிக்கிரமாவில், இராமன், சீதை திருவுருவங்கள் எழுந்தருளிய பல்லக்குகள் 15 நாள் வலம் வரும். சுமார் 130 கி.மீ. நீளும் இப்பாதையில் ஜலேஸ்வர், தனுஷாதாம் முதலிய நேபாளத் தலங்களும், கல்யாணேஸ்வர், கிரிஜாஸ்தானம் முதலிய இந்தியத் தலங்களும் அடங்கும். ஜலேஸ்வரில் சிவலிங்கம் நீரில் மூழ்கியே இருப்பார். தனுஷாதாமில் அரசமரத்தடியிலுள்ள பாறையைச் சிவதனுசின் முறிந்த துண்டு என வணங்குவர். முதியோரும் பெண்களும் மூட்டையைத் தலையில் சுமந்து நடந்து, இரவில் தோப்புகளில் தங்குவர். பௌர்ணமியன்று ஜனக்பூர் நகரை மட்டும் சுற்றி வலம் நிறைவுறும். பல்லக்கு எல்லையைக் கடக்கும்போது அது வேற்று நாட்டுக்குச் செல்வதாக எவரும் எண்ணுவதில்லை.

1937 முதல் ஓடிய ஜெய்நகர் – ஜனக்பூர் குறும்பாதை ரயில் 2014-இல் நின்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2022 ஏப்ரல் 2 அன்று அகலப் பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அரசுகளுக்கு அது இரு நாட்டு நட்பின் சின்னம். எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கோ அது தாய்வீட்டுக்குச் செல்லும் வழி.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

பட்னா அல்லது தர்பங்கா வழியாகப் பீகாரின் ஜெய்நகரை அடைந்து, அங்கிருந்து ரயிலில் ஜனக்பூர் செல்லலாம். காத்மாண்டுவிலிருந்து விமான வசதியும் உண்டு. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கவேண்டும். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம்.

ஏப்ரல், மே மாதங்களில் அனல்காற்றும், அடுத்து வெள்ளமும், டிசம்பர் இறுதி முதல் ஜனவரி வரை சூரியனே தெரியாத மூடுபனியும் இருக்கும். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் முற்பகுதி வரையிலும், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் செல்வது நலம். குறைந்தது இரண்டு நாள் தங்கவேண்டும். முதல் நாள் கோயிலுக்கு. மறுநாள் குளக்கரைக்கும் கிராமங்களுக்கும். அன்னையைத் தரிசித்தால் மட்டும் போதாது. அவள் விளையாடி வளர்ந்த வீட்டையும் பார்த்து வருவதே முறை.