கிளைகளுக்குப் பதில் ஓர் அட்டவணை

1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான லுவா மொழியில், ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளுள் ஒன்றைத் தேரும் 'ஸ்விட்ச்' கூற்று இல்லை என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் செயற்கூறும், அதாவது வேண்டும்போது அழைத்து இயக்கத்தக்க கட்டளைத் தொகுப்பும், எண்ணைப் போலவே ஒரு மதிப்பாகக் கருதப்படும் அம்மொழியில் அக்குறையை அட்டவணையே நிரப்பிவிடுகிறது. கணிப்பான் ஒன்றை எழுதுபவர் '+' குறிக்கு எதிரே கூட்டும் செயற்கூற்றையும் '-' குறிக்கு எதிரே கழிக்கும் செயற்கூற்றையும் வைத்துவிட்டால், குறியைக் கொடுத்துச் செயற்கூற்றைப் பெற்று 7, 3 ஆகிய எண்களுடன் அழைத்ததும் முறையே 10, 4 என விடை வருகிறது. இருபது நிபந்தனைகளை மேலிருந்து கீழாகச் சோதிக்கும் வேலையும், சி மொழியில் 'பிரேக்' எழுத மறந்தால் அடுத்த கிளைக்குள் வழுக்கி விழும் பிழையும் இங்கில்லை. எனினும் அட்டவணையில் இல்லாத குறி வந்தால் வெறுமையே கிடைக்கும், அதை அழைத்தால் நிரல் பிழையுடன் நின்றுவிடும் என்பதால், பொதுவான மாற்றுச் செயற்கூறு ஒன்றைச் சேர்ப்பது கட்டாயம். ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாக உருவாகாதபடி அட்டவணையை, அதைப் பயன்படுத்தும் செயற்கூற்றுக்கு வெளியே ஒருமுறை மட்டும் அமைப்பது சிக்கனம். கிளைகள் இரண்டு மூன்றே எனில் 'இஃப்' போதும். அவை பெருகும்போது அட்டவணையே தெளிவான வழி.