சின்ன ஆபரேஷன்தானே என்று இருந்துவிடலாமா?

"சின்ன ஆபரேஷன்தானே, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெற்றோர் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக் கொள்வது வழக்கம். ஆபரேஷன் சின்னதாக இருக்கலாம். ஆனால் சின்ன மயக்க மருந்து என்று ஒன்று கிடையாது. பிறவியிலேயே மார்புக்கூடு குறுகிப்போன குழந்தைகளுக்குக் கத்தியைவிட மயக்க மருந்தே பெரிய சோதனை.

'ழேன் சின்ட்ரோம்' அப்படிப்பட்ட பரம்பரை நோய்களில் ஒன்று. 1955-ல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு டாக்டர் ழேனின் பெயரால் அழைக்கப்படுகிறது. லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரலாம் என்பது மதிப்பீடு. விலா எலும்புகள் குட்டையாக இருப்பதால் மார்பு ஒடுங்கி, நுரையீரல் விரிய இடமில்லாமல் போகிறது. குழந்தை மூச்சு விடும்போது மார்பு அசையாது. வயிறுதான் ஏறி இறங்கும். சிலருக்கு நாளடைவில் சிறுநீரகமும் கெடுகிறது.

மயக்க மருந்து கொடுத்தால் அந்த வயிற்று மூச்சும் தளர்ந்துவிடும். கருவி மூலம் காற்றைச் செலுத்த வேண்டும். இறுகிய மார்புக்குள் வேகமாக அழுத்தினால் நுரையீரல் கிழிந்து காற்று கசியும் அபாயம் உண்டு. ஆகவே சிறுசிறு மூச்சாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் சில மருந்துகள் உடம்பைவிட்டு வெளியேறத் தாமதமாகும். வலி மருந்தின் அளவு கூடினாலும் மூச்சு அடங்கும். ஆபரேஷன் முடிந்த பிறகும் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசம் தேவைப்படலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், அவசரம் இல்லாத ஆபரேஷனில் இறங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

இவ்வளவும் மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் தக்க ஏற்பாடு செய்துகொள்வார். மேஜைமேல் படுக்க வைத்த பிறகு தெரிந்தால் என்ன செய்வார்?

இங்கேதான் பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்களின் சங்கடம் இருக்கிறது. குழந்தை பிறந்தது ஊரில். எக்ஸ்ரே எடுத்தது மும்பையில். பழைய சீட்டுகள் வீடு மாறியபோது தொலைந்திருக்கும். டாக்டர் கேட்கும் கேள்வி மொழி தெரியாமல் பாதிதான் புரியும். "ஒன்றுமில்லை" என்று தலையாட்டிவிட்டு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது கூடாது. மயக்க மருந்துக்கு முந்திய பரிசோதனையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். முன்பு மயக்கம் கொடுத்தபோது மூச்சுத் திணறியதா, அண்ணன் தம்பிக்கு இதே குறை இருந்ததா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்திருந்தால் அதையும் சொல்லலாம், வெட்கப்பட ஏதுமில்லை. தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறைதான் குழந்தையிடம் வெளிப்படுகிறது. அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. இத்தகைய குழந்தைக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்ததும், நோயின் பெயர், கொடுத்த மருந்து, நேர்ந்த சிரமம், பயன்படுத்திய குழாயின் அளவு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டைப் போல அதைப் பத்திரப்படுத்துவார்கள். ஊருக்குப் போன இடத்தில் அவசர ஆபரேஷன் வந்தாலும் அந்த அட்டை பேசும்.

2021-ல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி உள்ளிட்டவை சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டன. பட்டியலில் உள்ள நோய்களுக்குப் பண உதவியும் உண்டு. நல்ல காரியம். ஆனால் மேற்சொன்ன அட்டைக்கு லட்சங்கள் வேண்டாம். ஒரு காகிதமும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் மனம் வைக்குமா?