‘வாடகை வீடுதானே’ என்னும் வார்த்தை

வீடு கட்டி வாடகைக்கு விடும் நம் சகோதரர்கள் பலரின் நாவில் ஒரு வார்த்தை பழகிவிட்டது: ‘வாடகை வீடுதானே, இது போதும்.’ பெரும்பாலும் தளம் போடும் நாளில்தான் இது வெளிவருகிறது. தாம் குடியிருக்கும் கீழ்வீட்டுக்கு உறுதியான விட்ரிஃபைடு டைல்ஸ். வாடகைக்கு விடும் மாடிக்கோ, கடையில் மீந்து கிடந்த, சுவருக்கென்று செய்யப்பட்ட மலிவுச் சரக்கு. சிக்கனம் மார்க்கம் விரும்பும் பண்பே. ஆனால் இதைச் சிக்கனம் என்று அழைக்க நாம் உடன்படுவதற்கில்லை.

சுவர் டைல்ஸ் பொதுவாகத் தன் எடையில் நூற்றுக்கு 10 பங்குக்கும் மேல் நீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு அரைப் பங்கைத் தாண்டாது. முன்னது பாரம் தாங்காமல் கட்டில்கால் அழுத்தும் இடத்தில் விரிசல் காணும். மேற்பூச்சும் விரைவில் தேயும். குளியலறையில் பளபளப்பான டைல்ஸைப் பதித்து, நீர் வடிய வாட்டமும் விடாமல் போனால், ஃபஜ்ருக்கு உளூச் செய்து ஈரக்காலுடன் திரும்பும் முதிய தாயின் இடுப்பெலும்புக்கு யார் பொறுப்பு? சொரசொரப்பான டைல்ஸ் அதே கடையில்தானே இருக்கிறது!

தூய்மையின் கோணமும் உண்டு. பள்ளிவாசலில் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மார்க்கம் அவ்வளவு எளிதாக்கித் தந்ததை நாம் கடினமாக்குகிறோம். இணைப்புப்பூச்சு உதிர்ந்து, பள்ளங்களில் அழுக்குநீர் தேங்கும் தளத்தில், கைக்குழந்தை உள்ள வீட்டுப் பெண்மணி நஜீஸ் நீங்கியதா இல்லையா என்ற ஐயத்துடனேயே ஒவ்வொரு தொழுகைக்கும் விரிப்பை விரிக்கிறார்.

இதனினும் கொடியது, உடைந்த தளத்தின்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி, வீடு பார்க்க வருவோரிடம் மறைப்பது. தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் அந்த வணிகரைக் கண்டித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஜும்ஆ மேடைகளில் இந்த ஹதீஸைக் கேட்கும்போது நம் நினைவுக்கு அரிசிக் கடைக்காரர் மட்டுமே வருகிறார். விரிப்புக்கு அடியில் இருப்பதும் அதே ஈரம்தான்.

குடியிருந்தவர் காலி செய்யும் நாளில் மற்றோர் அநீதி. நடந்து நடந்து மங்கிய தளத்தைக் காட்டி, முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வாடகைக்கு எடுத்த பொருள் குடியிருப்பவர் கையில் அமானிதம் என்றும், வரம்பு மீறினாலோ அலட்சியம் காட்டினாலோ தவிர அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவரல்லர் என்றும் ஃபிக்ஹ் நூல்கள் விளக்குகின்றன. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இயல்பான தேய்மானத்துக்கு விலக்களிக்கிறது. புழங்குவதற்காகத்தான் மாதந்தோறும் வாடகை பெற்றோம். புழங்கியதற்கு மீண்டும் விலை கேட்பது பிறர் பொருளை முறையின்றி உண்பதேயாகும்.

‘குடிவருவோர் பாழாக்குகிறார்களே’ என்பர். உண்மைதான், வெறுந்தரையில் உரலை வைத்து இடிப்போரும், கறை போக்க ஆசிட்டை ஊற்றி இணைப்புகளை அரித்துவிடுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் ஈடு செய்யவே வேண்டும். எனினும் முரட்டுப் புழக்கத்துக்கு அஞ்சுபவர் உறுதியான தளத்தை அல்லவா போட வேண்டும்? நொறுங்கும் தளத்தைப் போட்டுவிட்டு நொறுங்கிவிட்டதென்று புலம்புவது என்ன நியாயம்? பணம் போதவில்லையெனில் நம் பாட்டிமார் வீடுகளிலிருந்த சிவப்புச் சிமெண்ட் தளமோ, கடப்பாக் கல்லோ போதும். பளபளப்பு ஒன்றும் வாஜிப் அன்று!

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. சாவி கைமாறும் நாளில் வீட்டுக்காரரும் குடிவருபவரும் அறை அறையாக நடந்து, விரிப்பையும் விலக்கிப் பார்த்து, எந்த அறையில் எத்தனை விரிசல் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடட்டும். ஜமாஅத் நிர்வாகிகளில் ஒருவர் சாட்சியாக நின்றால், காலி செய்யும் நாளில் பஞ்சாயத்துக்கு வேலை இராது.