ஒண்ணுமே இல்லாத ஊர்

பூஜை லீவு வந்தாலே கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் சந்திக்கிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுதான். "இந்த வாட்டி எங்கே?" ஆபீஸில் ஒரு வாரத்துக்கு ஆணி பிடுங்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் ஸ்கூல் கிடையாது. நான் கோபால்பூர் என்று சொன்னால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "அங்கே என்ன சார் இருக்கு? ஒண்ணுமே இல்லையே!"

இந்த 'ஒண்ணுமே இல்லை' மேல்தான் எனக்குக் கோபம். கொஞ்சம் விரிவாகவே திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: கோபால்பூர், ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். பெர்ஹாம்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் பதினைந்து கிலோமீட்டர் சுமார். நாம் வருஷா வருஷம் ஊருக்குப் போகிற சென்னை மெயில் அந்த ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. ஜன்னலில் சிலிகா ஏரி வந்து போகும், பிறகு பெர்ஹாம்பூர். எத்தனை தடவை அங்கே டீ வாங்கிக் குடித்திருப்போம்? இறங்கியிருக்கிறோமா?

இறங்கிப் போனால் என்ன இருக்கிறது? ஒரு லைட் ஹவுஸ். கரையோரம் கொஞ்சம் ஓட்டல்கள். பழைய துறைமுகத்தின் இடிந்த மிச்சம். மீன்பிடிப் படகுகள். அப்புறம் கடல். அவ்வளவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் அவ்வளவுதான் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

வெள்ளைக்காரன் காலத்தில் அது கப்பல் வந்து போன ஊர். கஞ்சமும் அப்போது பெரும்பாலும் நம்ம சென்னை மாகாணத்து ஜில்லாதான். 1936-ல் ஒரிசா தனி மாகாணம் ஆனபோதுதான் பிரிந்து போனது. அந்த ஜில்லாவின் ஏழை ஜனங்கள் பர்மாவுக்குக் கூலி வேலைக்குக் கப்பல் ஏறியது கோபால்பூரில் இருந்துதான். 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. உலகப்போருக்குப் பிறகு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது, துறைமுகமும் படுத்தது. (இப்போது ஊருக்குச் சற்று வடக்கே புதுத் துறைமுகம் இருக்கிறது, அது வேறு கதை.) கஞ்சத்துக்காரர்கள் பிழைக்கப் போவது மட்டும் நிற்கவில்லை. ரங்கூனுக்குப் பதில் சூரத். அங்கே விசைத்தறி ஓட்டுகிறவர்களில் கஞ்சத்து ஆட்கள் ஏராளம். 2020 ஊரடங்கில் அவர்கள் ரயில் ரயிலாகத் திரும்பி வந்ததை டிவியில் பார்த்தோமே, மறந்துவிட்டதா?

அதாவது, பிழைப்புக்காக வெளியே போனவர்களின் ஊர் அது. வெளியூரில் பிழைக்கிற நாம் அதைப் பார்த்து "ஒண்ணுமே இல்லை" என்கிறோம்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்கள் ஊரில் இருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் நிறைய ஆட்கள் போனார்கள். இங்கே ஆபீஸில் ஒருத்தர், "நாகப்பட்டினமா? வேளாங்கண்ணி போற வழிதானே, அங்கே வேற என்ன இருக்கு?" என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. உங்கள் ஊரைச் சொன்னால் உங்களுக்கும் ஏறும். அப்புறம் அடுத்தவன் ஊருக்கு மட்டும் ஏன் அதே வாய்?

இதில் வாய்த்துடுக்கு மட்டும் என்றால் விட்டுத் தொலைக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. நாம் போகிற மாசம், அந்தக் கரைக்குப் புயல் மாசம். 1999 அக்டோபர் 29 சூப்பர் புயலில் ஒரிசாவில் பத்தாயிரம் பேர் வரை செத்தார்கள். 2013 அக்டோபர் 12, சரியாக பூஜை நாட்களில், ஃபைலின் புயல் கரையைக் கடந்ததே கோபால்பூர் பக்கத்தில்தான். காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்தத் தடவை பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்குள். 2018-லும் அக்டோபர் 11-ல் தித்லி. 'கிளம்பு' என்றால் வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொண்ட ஜனங்கள் அவர்கள்.

நாம் என்ன கற்றுக்கொண்டோம்? ஒரு பூஜை லீவில் நான் அங்கே இருந்தபோது எச்சரிக்கை வந்தது. நாளைக் காலைக்குள் பெர்ஹாம்பூர் போய்விடுங்கள் என்று விடுதி மேனேஜர் அறை அறையாக வந்து சொன்னார். பக்கத்து அறைக் குடும்பம் (நம்மாட்கள்தான்) மீதி இரண்டு நாள் வாடகைக்காக அவரோடு ஒரு மணி நேரம் சண்டை. "புயலும் வராது ஒண்ணும் வராது, நாங்க மெட்ராஸ்ல பார்க்காத மழையா?" அந்த ஒரு மணி நேரமும் வெளியே நொலியா மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். படகு போனால் அவர்களுக்கு யார் பணம் திருப்பித் தருவார்கள்?

"அதெல்லாம் சரி சார், ஊரை டெவலப் பண்ணினா அந்த ஜனங்களுக்குத்தானே வேலை கிடைக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. வேலை வேண்டும், சூரத் போகிற பையன் ஊரிலேயே இருந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் எப்படி டெவலப் பண்ணுவது? நம் பக்கத்தில் இருக்கும் மந்தார்மணியைப் பாருங்கள். கடற்கரை விதிகளை மீறிக் கட்டியவை என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டல்களை இடிக்க 2024-ல் மாவட்ட நிர்வாகமே உத்தரவு போட்டு, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே வேலை பார்க்கிறவன் கதி என்ன? 'பார்க்க நிறைய இருக்கணும்' என்று நாம் கேட்கக் கேட்க, கடலுக்கும் ஊருக்கும் நடுவில் கான்கிரீட் வரும். அதற்குப் பெயர் டெவலப்மெண்ட் இல்லை.

ஆகவே மக்களே, போங்கள். சின்னக் கடையில் சாப்பிடுங்கள். உள்ளூர் ஆட்டோவில் போங்கள், பேரம் பேசி அவன் உயிரை வாங்காதீர்கள். மீனைக் கரையிலேயே வாங்குங்கள். அலை முரட்டு அலை, இழுப்பு அதிகம், மீனவர் வேண்டாம் என்றால் இறங்காதீர்கள். எச்சரிக்கை வந்தால் பையைக் கட்டுங்கள், வாடகைக் கணக்கை வீட்டுக்கு வந்து போனில் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகள் "போர் அடிக்குது" என்றால் அந்த இடிந்த சுவரைக் காட்டி, இங்கே இருந்து எதற்குக் கப்பல் போனது என்று சொல்லுங்கள். அவர்கள் ஏன் கொல்கத்தாவில் வளர்கிறார்கள் என்பதும் அந்தக் கதையில் வந்துவிடும்.

இதெல்லாம் முடியாது, பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் கொல்கத்தாவில் மாலுக்கா பஞ்சம்? அங்கே போய்க்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு: தங்கமணி சேர்க்கச் சொன்னது. கஞ்சம் பக்கம் காலை டிபனுக்கு இட்லி, வடை, உப்புமா எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். அந்தச் சாக்கும் செல்லாது :-)