சட்டம் தெரிஞ்சுக்கலாம்: வாக்குவாதத்துக்காக வேலையை விட்டு நீக்கலாமா?

கேள்வி: தர்மபுரி மாவட்ட விவசாயி ஒருவரின் மகன், சேலத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் மூன்று வருஷமாக வேலை பார்த்தார். வியாபாரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்ததற்கு மேற்பார்வையாளர் திட்ட, இவரும் பதிலுக்குப் பேசிவிட்டார். மறுநாளே, ‘இனி வர வேண்டாம்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

பதில்: இப்படி அனுப்பியது சரியல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-ன்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால், விசாரணை நடத்தி சாட்சியத்தோடு நிரூபித்திருக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று 2021-ல் இதே சட்டத்தில் திருத்தமும் வந்துள்ளது. எனவே, உட்கார்ந்ததைக் காரணமாகக் காட்டுவது எடுபடாது. அவர் கைநீட்டினாரா, என்ன பேசினார் என்பதுதான் விசாரணையில் பார்க்கப்படும்.

முதல் வேலையாக, ‘பணிக்கு வரத் தயார்’ என்று கடைக்கு ஒப்புகையுடன் தபால் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால், ‘அவராகவே நின்றுவிட்டார்’ என்று சொல்லிவிடுவார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப் எண், வங்கிப் புத்தகம் ஆகியவை பத்திரம். பாக்கிச் சம்பளம் தருவதாகச் சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடக் கூடாது. 30 நாள்களுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.