பழைய ஃபைலில் 'பாரனாய்ட்', புதிய ரிப்போர்ட்டில் இல்லை: ஸ்கிசோஃப்ரினியாவின் வகைகள் எங்கே போயின?

நீங்கள் முலுண்டில் இருந்து தானே அரசு மனநல மருத்துவமனைக்குப் போய்வரும் குடும்பமாக இருக்கலாம். பழைய ஃபைலில் 'பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா, எஃப் 20.0' என்று இருந்திருக்கும். புதிய முறைப்படி எழுதினால் 'பாரனாய்ட்' இருக்காது. நோய் மாறிவிட்டதா என்று பதற வேண்டாம். மாறியது பட்டியல்தான்.

அமெரிக்காவின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-லேயே இந்தத் துணை வகைகளை நீக்கியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலும் அதையே செய்தது. ஒரே நபர் இன்று ஒரு வகை, சில வருடம் கழித்து வேறு வகை. அதை வைத்து மருந்தைக்கூட முடிவுசெய்ய முடியவில்லை. முதல் முறையா, திரும்பத் திரும்ப வருகிறதா, விடாமல் தொடர்கிறதா என்றுதான் ஐசிடி-11 இப்போது பிரிக்கிறது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்நோயை உறுதிசெய்யாது. வேறு காரணம் உண்டா என்று பார்க்கத்தான் அவை. அறிகுறிகளும் அவை நீடித்த காலமுமே கணக்கு. அதிலும் ஐசிடிக்கு 1 மாதம் போதும், டிஎஸ்எம்முக்கு 6 மாதம் வேண்டும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஐசிடியின் சமீபத்திய பதிப்பையே சுட்டுகிறது. ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நோயின் பெயர் மட்டும் போதாது. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் தன்னைப் பராமரித்தல், பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை, நோயின் காலம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40% வேண்டும். அதனால் காதில் குரல் கேட்பதோடு நிறுத்தாமல், குளிப்பதும் வேலைக்குப் போவதும் எப்போது நின்றது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.